வேரில் விழுந்த முடிச்சு

திருப்பதி யாத்திரை சென்று வந்த தமிழன்பர் பலர், புத்தூருக்கு அருகிலுள்ள நாராயணவனத்தையும் கண்டு வந்திருப்பர். ஆகாசராஜன் மகள் பத்மாவதியை வேங்கடவன் மணம் புரிந்த இடம் என்று தலபுராணம் கூறும் ஊர் அது. கல்யாண வேங்கடேசுவரர் கோயில் அவ்வூரின் பெருமை. 1911-க்கு முன் வட ஆர்க்காடு மாவட்டத்திலும், அவ்வாண்டு முதல் சித்தூர் மாவட்டத்திலும், 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டத்திலும் அவ்வூர் கணக்கிடப்பட்டு வருகிறது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிரியும் வரையில் அது சென்னை ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. பிழைப்பை நாடி வெளி மாநிலம் வந்த நாம் ஊரை விட்டுப் பெயர்ந்தோம். அங்கே ஊரார் இருந்த இடத்திலேயே இருந்தனர், எல்லைக்கோடுதான் பெயர்ந்தது.

கோயிலைப் பற்றிப் பேசுவது என் நோக்கமன்று. அச்சுற்றுப்புறத்துச் செம்மண் தோட்டக்கால் ஒன்றில், கத்திரியோ வெண்டையோ தக்காளியோ நட்ட உழவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். நீருக்குக் குறைவில்லை, எருவும் இட்டாயிற்று. ஆயினும் சில செடிகள் நண்பகலில் தலை தொங்கி, மாலையில் மீண்டும் நிமிர்கின்றன. இலை வெளுக்கிறது, காய் சிறுக்கிறது. கிணற்று நீர் உவர்ந்துவிட்டது என்பார் ஒருவர். வித்து சரியில்லை என்பார் மற்றொருவர். கண்ணேறு என்பாரும் உண்டு. மனம் சலித்து அவர் ஒரு செடியைப் பிடுங்குகிறார். வேர் முழுவதும் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கிறது. சில இடங்களில் மணி கோத்தாற்போலவும், சில இடங்களில் இஞ்சிக் கிழங்கைப் போலவும் வீங்கியிருக்கிறது.

அம்முடிச்சின் வரலாறே இக்கட்டுரையின் பொருள். மொழிபெயர்ப்பை அலுவலாகக் கொண்டவனுக்கு இதில் என்ன வேலை என்று நேயர்கள் வினவக்கூடும். இப்புழுவின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, அது பெரும்பகுதி பெயர் மாறாட்டத்தின் வரலாறாகவே எனக்குத் தோன்றிற்று. அந்த மாறாட்டத்தின் விலையைக் கொடுத்தவர் உழவர்.

முதலில் புழுவை அறிந்துகொள்வோம். முட்டையினின்று வெளிவரும் இளம்புழு அரை மில்லிமீட்டர் நீளங்கூட இராது, வெறுங்கண்ணுக்குத் தெரியாது. மண்ணின் ஈரத்தில் நெளிந்து சென்று, வேரின் இளநுனியைத் துளைத்து உட்புகுந்து, நீரும் உணவும் ஓடும் நடுத்தண்டை அடைந்து அங்கேயே தலையை ஊன்றிக்கொள்கிறது. அதன் உமிழ்நீர் பட்ட சில உயிரணுக்கள் அளவுக்கு மீறிப் பருத்துப் பேரணுக்களாகி விடுகின்றன. செடி தனக்கென்று தேடிய உணவை அப்பேரணுக்கள் புழுவுக்கு ஊட்டுகின்றன. பெண்புழு அதன்பின் இடம் பெயர்வதில்லை. நூல்போல் நுழைந்தது வெள்ளிய முத்துப்போல் திரண்டு, பசைபோன்ற உறையில் நூற்றுக்கணக்கான முட்டைகளை இடுகிறது. வெப்பமான மண்ணில் ஒரு தலைமுறை முடிய நான்கு வாரம் போதும். ஒரே கத்திரிப் பயிரின் காலத்துக்குள் பல தலைமுறைகள் தோன்றிவிடும். மணற்பாங்கான இளகிய மண் இதற்கு மிக உகந்தது. புழு குடைந்த வேரில் வாடல் நோய்க் கிருமிகளும் எளிதில் புகும்; ஆதலின் செடி மடிந்தபின் பழி பெரும்பாலும் அவற்றின்மேலேயே விழும்.

இம்முடிச்சினுள் புழு உண்டு என்று முதன்முதல் எழுதிவைத்தவர் பெர்க்லி என்னும் ஆங்கிலேயப் பாதிரியார். உருளைக்கிழங்குக் கருகல் நோய் பூஞ்சையால் வருவது என்று 1846-இல் வாதித்தவரும் அவரே. 1855-இல், கண்ணாடிக் கூடத்தில் வளர்ந்த வெள்ளரியின் வேர்ப்புடைப்புகளில் நுண்புழுக்களைக் கண்டு, தோட்டக்கலை இதழொன்றில் அச்செய்தியை வெளியிட்டார். ஆக, இப்புழு முதலில் ஏடேறியதே ஒரு காய்கறிக் கொடியில்தான்.

நம் நாட்டில் அது வேறு வழியாக ஏடேறிற்று. சென்னை அரசாங்கத் தாவரவியலாராக இருந்த சார்லஸ் ஆல்பிரட் பார்பர், நீலகிரி மாவட்டத்துத் தேவாலாவில் தேயிலைச் செடிகளின் வேரில் இந்நோயைக் கண்டு 1901-இல் அறிக்கை எழுதினார். இந்தியாவில் வேர்முடிச்சுப் புழுவைப் பற்றிய முதற் பதிவு அதுவே. பிற்காலத்தில் கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சியைத் தொடங்கிப் புகழ்பெற்ற அதே பார்பர்தான் இவர். 1906-இல் பட்லர் என்னும் பூஞ்சையியலார் வயநாட்டு மிளகுக் கொடியின் வேரிலும் இப்புழுவைக் குறித்தார். தேயிலைக்குத் தோட்டத்துரைமார் இருந்தனர். மிளகுக்குக் கப்பல் வாணிகம் இருந்தது. அவர்கள் முறையிட்டால் அரசாங்கத்தின் காதில் விழும். கால் காணி கத்திரித் தோட்டத்துக்காரர் எவரிடம் முறையிடுவார்? பார்பர் வருமுன்பே அவருடைய வேர்களில் இம்முடிச்சு இருந்திருக்கவேண்டும் என்றே நான் எண்ணுகிறேன். ஆனால் அது ஏட்டில் ஏற மேலும் கால் நூற்றாண்டு கழிந்தது.

அப்பணியைச் செய்தவர் பி. என். கிருஷ்ண ஐயர். தென்னிந்தியாவில் வேர்முடிச்சுப் புழுவும் அதனால் விளையும் பொருள் நட்டமும் என்ற கருத்தில் ஒரு முன்னோட்டக் குறிப்பை 1926-இல் 'மெட்ராஸ் அக்ரிகல்சுரல் ஜர்னல்' என்னும் கோயம்புத்தூர் இதழில் வெளியிட்டார். 1933-இல் தம் சோதனைகளைப் பற்றி மீண்டும் எழுதினார். தென்னாட்டுக் காய்கறிகளிலும் பிற பயிர்களிலும் இந்நோய் பரவியிருப்பதை வெளிப்படுத்திய முதல் எழுத்துகள் இவை. அந்நாளில் சித்தூர் மாவட்டமும் சென்னை மாகாணத்தைச் சேர்ந்ததாதலின், நாராயணவனத்து உழவருக்கும் ஆராய்ச்சித் தலைமையிடம் கோயம்புத்தூரே. அங்கே அச்சான ஆங்கில இதழ் புத்தூர்ச் சந்தை வரையில் வந்து சேர்ந்திருக்குமா என்பது வேறு கேள்வி.

கிருஷ்ண ஐயர் அப்புழுவுக்கு எழுதிய பெயர் 'ஹெட்டிரோடிரா ரேடிசிகோலா'. உலகம் முழுவதும் அந்நாளில் வழங்கிய பெயர் அதுவே. அவர்மேல் குற்றம் இல்லை. ஆனால் பெயர் தவறானது. 1872-இல் கிரீஃப் என்னும் ஜெர்மானியர் புல்வேரில் முடிச்சுண்டாக்கும் ஒரு புழுவுக்கு 'ரேடிசிகோலா', அதாவது வேரில் வாழ்வது, என்று பெயரிட்டார். 1884-இல் முல்லர் என்பவர், உண்மையில் வேறான நமது புழுவை அதனோடு ஒன்றாகக் கருதி அப்பெயரை இதற்குச் சூட்டிவிட்டார். புல்லில் வாழும் புழுவின் பெயர் கத்திரியில் வாழும் புழுவுக்கு ஏறிற்று. 1932-இல் கூடி என்னும் ஆங்கில அறிஞர் இப்பிழையைச் சுட்டி, 1879-இல் கார்னு என்ற பிரெஞ்சுக்காரர் இட்ட 'மரியோனி' என்ற பெயரே பொருந்தும் என்றார். கடல் கடந்து வர அத்திருத்தத்துக்குக் காலம் பிடித்தது. கிருஷ்ண ஐயரின் 1933-ஆம் ஆண்டுக் கட்டுரையில் பழைய பெயரே நிற்கிறது.

திருத்தம் வந்த பின்னும் ஒரு பெரும்பிழை எஞ்சியிருந்தது. வேரில் முடிச்சுப் போடும் புழு எங்கிருந்தாலும், எப்பயிரில் வாழ்ந்தாலும், அது ஒரே இனம் என்று உலகம் நம்பிற்று. இந்நம்பிக்கை ஏட்டளவில் நின்றிருந்தால் நமக்குக் கவலையில்லை. உழவருக்குச் சொல்லப்பட்ட அறிவுரையும் இதன் மேல்தான் கட்டப்பட்டது. புழு விழுந்த நிலத்தில், அது உண்ணாத மாற்றுப் பயிரை விதைத்தால் பட்டினியால் மடியும் என்பது எளிய, செலவற்ற வழி. ஆனால் எது அது உண்ணாத பயிர்? ஓரிடத்தில் நிலக்கடலையை விதைத்தவர் புழு குறைந்தது என்றார். மற்றோரிடத்தில் விதைத்தவர், கடலையையே புழு அழித்துவிட்டது என்றார். இருவர் சொன்னதும் உண்மை. ஒரே புழு என்று நம்பியவர்களுக்கு அது விளங்காத புதிர்.

1944-இல் அமெரிக்காவில் கிறிஸ்டியும் அல்பினும், வெவ்வேறு இடங்களிலிருந்து திரட்டிய புழுக்களை ஒரே வகைச் செடிகளில் விட்டுப் பார்த்து, அவற்றின் உணவுப்பழக்கம் வேறுபடுவதை மெய்ப்பித்தனர். 1949-இல் சிட்வுட் என்பவர் முடிச்சை அவிழ்த்தார். பெண்புழுவின் பின்புறத் தோலில், நம் விரல்ரேகை போன்ற கோடுகள் உண்டு. அவற்றின் அமைப்பைக் கொண்டு இவை பல இனங்கள் என்று அவர் காட்டினார். 1887-இல் பிரேசில் நாட்டுக் காப்பித் தோட்டங்களில் இந்நோயை ஆராய்ந்த கோல்டி, 'மெலாய்டோகைனி' என்று ஒரு பேரினப் பெயர் இட்டிருந்தார். கனிபோல் திரண்ட பெண் என்பது அக்கிரேக்கச் சொல்லின் கருத்து. அறுபது ஆண்டுகளுக்கு மேல் தூசு படிந்து கிடந்த அப்பெயரை எடுத்துத் துடைத்து, சிட்வுட் மீண்டும் வழக்கிற்குக் கொண்டுவந்தார்.

அவர் பிரித்த இனங்களுள் நம் காய்கறித் தோட்டங்களில் பெருந்தொல்லை தருபவை 'இன்காக்னிட்டா', 'ஜவானிக்கா' என்னும் இரண்டு. முதற்பெயருக்குப் பொருள் அறியப்படாதது என்பதாம். அப்பெயர் வந்த கதை சுவையானது. 1919-இல் கோஃபாய்டும் வைட்டும் டெக்சாஸ் முகாமொன்றில் அமெரிக்கப் படைவீரர்களின் மலத்தைச் சோதித்தபோது, இனந்தெரியாத முட்டைகளைக் கண்டனர். மனிதக் குடலில் வாழும் புதுப்புழு ஒன்றின் முட்டைகள் என்று முடிவுகட்டி அதற்கு இப்பெயர் வைத்தனர். 1923-இல் சாண்ட்கிரவுண்டு என்பவர், அவை வீரர்கள் உண்ட காய்கறியோடு உள்ளே சென்று, செரிக்காமல் வெளிவந்த வேர்முடிச்சுப் புழுவின் முட்டைகளே என்று விளக்கினார். மனிதனுக்கு அதனால் ஒரு தீங்கும் இல்லை. எனினும் அறிவியற் பெயர்களின் விதிப்படி, வயிற்றுப்புழு என்று பிழையாக இட்ட பெயரே கத்திரிவேர்ப் புழுவுக்கு இன்றளவும் நிலைத்துவிட்டது.

நிலக்கடலைப் புதிரும் விடுபட்டது. இன்காக்னிட்டா கடலையில் பெருகுவதில்லை. 1889-இல் நீல் என்பவர் புளோரிடாவில் கடலையில் கண்டு எழுதிய 'அரினேரியா' என்னும் இனத்தின் ஒரு பிரிவுக்கோ கடலையே விருந்து. பிற்காலத்தில் குஜராத்தில் ஜவானிக்காவின் ஒரு பிரிவும் கடலையைத் தாக்குவது தெரியவந்தது. சித்தூர்ச் சீமை கடலை விளையும் சீமை என்பதை நேயர்கள் அறிவர். தக்காளிக்குப் பின் கடலை விதைக்கலாமா என்று அங்குள்ள உழவர் கேட்டால், உம் வேரிலுள்ள புழுவின் பெயர் என்ன என்ற எதிர்க்கேள்வியில்லாமல் விடை கூற இயலாது.

இதே வட்டாரத்தில் கடலையில் மற்றொரு பாடமும் நேர்ந்தது. நாராயணவனத்துக்கு வடக்கே காளத்திப் பகுதியில், 1975-76-இல் நிலக்கடலையின் காய்கள் சிறுத்து, ஓட்டின்மேல் கரும்பழுப்புத் தழும்புகள் தோன்றின. 'காளஹஸ்தி நோய்' என்று அதற்குப் பெயர் வழங்கிற்று. ஊரின் பெயரை நோய் சுமந்ததேயன்றி, காரணம் எளிதில் விளங்கவில்லை. வேரில் முடிச்சு ஏதும் இல்லாமையால் நூற்புழு என்று ஐயுற இடமில்லை. 1984-இல்தான் அது டைலன்கோரின்கஸ் என்னும் வேறொரு நூற்புழுவின் வேலை என்று ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தது. முடிச்சில்லாத இடத்திலும் நூற்புழு உண்டு என்பதற்கு இது சான்று. முடிச்சுள்ள இடத்தில் எல்லாம் பகை உண்டா என்றால், அதுவும் இல்லை.

தமிழிலேயே இங்கு ஒரு சிக்கல் உண்டு. பயறு, உளுந்து, கடலை, தட்டை முதலியவற்றின் வேரில் இயற்கையாகவே சிறு முண்டுகள் இருக்கும். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உணவாக்கித் தரும் பாக்டீரியங்கள் அவற்றில் வாழ்கின்றன. 1886-இல் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் அவற்றின் பயனை நிறுவும்வரை, மேலைநாட்டு அறிஞர்களே அவற்றை நோய்ப்புடைப்போடு கலந்து குழம்பியதுண்டு. நம் பள்ளிப் பாடநூல்களில் அந்த நன்மை முண்டுக்கும் வேர்முடிச்சு என்று பெயர்; புழுவின் தீய புடைப்புக்கும் வேர்முடிச்சு என்றே பெயர். நண்பனையும் பகைவனையும் ஒரே பெயரால் அழைத்தால் வீட்டுக்காரர் என் செய்வார்? கைப்பட நோக்கினால் வேறுபாடு தெரியும். பயற்றின் முண்டு வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும், விரலால் தேய்த்தால் உதிரும், உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். புழுவின் முடிச்சு வேரே வீங்கியதாகையால், வேரை முறிக்காமல் அதைப் பிரிக்க முடியாது. முன்னதை முண்டு என்றும் பின்னதை முடிச்சு என்றும் பிரித்து வழங்கினால் நலம் என்பது என் தாழ்மையான கருத்து. 'நூற்புழு' என்ற சொல்லை ஆக்கியவர் யாராயினும் அவருக்கு நன்றி கூறவேண்டும். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கிய பழைய பெயர் விலாங்குமீனை உவமையாகக் கொண்டது. அதை அப்படியே பெயர்த்திருந்தால், உழவர் வயலில் விலாங்கைத் தேடியிருப்பார்!

இனி, இப்புழுவை ஒழிக்க மனிதர் செய்த முயற்சிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1943-இல் ஹவாய்த் தீவின் அன்னாசித் தோட்டங்களில் கார்ட்டர் என்பவர் ஒரு நச்சுப்புகைத் திரவத்தை மண்ணில் செலுத்திப் பெரும்பயன் கண்டார். புழு எவ்வளவு விளைச்சலைத் தின்றுவந்தது என்பதே, மருந்திட்ட பாத்தியையும் இடாத பாத்தியையும் அருகருகே கண்டபிறகுதான் பலருக்கு விளங்கிற்று. அதனைத் தொடர்ந்து 1950-களில் 'நெமகான்' வந்தது. நிற்கும் பயிரிலேயே இடலாம், விலையும் மலிவு என்று அதைக் கொண்டாடினர். 1977-இல் கலிபோர்னியாவில் அம்மருந்தைச் செய்யும் ஆலைத் தொழிலாளர் பலர் மகப்பேறு இழந்தவராகியிருப்பது வெளிப்பட்டது. 1979-இல் அமெரிக்காவிலும், 1989-இல் இந்தியாவிலும் அதன் பயன்பாடு நிறுத்தப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் அதைக் கையால் தொட்டுக் கலந்தவர்களை எவரும் கணக்கெடுத்ததாக நான் படித்ததில்லை.

தக்காளியில் மற்றொரு வழி திறந்தது. பெரு நாட்டுக் காட்டுத் தக்காளி ஒன்று இப்புழுவுக்கு இடங்கொடுப்பதில்லை என்று 1941-இல் அமெரிக்காவில் கண்டனர். அது நாட்டுத் தக்காளியோடு எளிதில் கலவாது. 1944-இல் ஸ்மித் என்பவர் கலப்பில் உண்டான கருவை வெளியே எடுத்து, ஊட்டநீரில் வளர்த்து, அத்தடையைக் கடந்தார். இன்று உலகில் புழுவை எதிர்க்கும் தக்காளி வகைகளுள் பெரும்பாலானவை அந்த ஒரு காட்டுச்செடியின் வழிவந்தவை. ஆனால் மண்ணின் வெப்பம் 28 பாகை செல்சியசுக்கு மேல் ஏறினால் அக்குணம் தளர்ந்துவிடும். மதனப்பள்ளி மேட்டு நிலத்துக்கு ஒருவாறு பொருந்தலாம். புத்தூர், நாராயணவனத்துக் கோடைக்கு அது எவ்வளவு தாங்கும் என்பதை நேயர்களே ஊகிக்கலாம்.

ஆகவே பழைய வழிகளுக்கு மதிப்புக் குறையவில்லை. 1966-இல் பந்த்நகர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் பிண்ணாக்கு இட்ட மண்ணில் வெண்டை, தக்காளியின் வேர்முடிச்சு குறைவதை எழுதினர். வேப்பம் பிண்ணாக்கின் பெருமையை அதன்பின் வந்த ஆராய்ச்சிகள் பலவும் உறுதிப்படுத்தின. நம் உழவர் அதை முன்பே இட்டுவந்தனர், காரணம் கூறவில்லை, அவ்வளவே. சித்திரை வெயிலில் நிலத்தை உழுது காயவிட்டால் இளம்புழுக்கள் உலர்ந்து மடியும். தமிழில் துலுக்கச் சாமந்தி என்றும், தெலுங்கில் பந்திப்பூ என்றும் வழங்கும் பூச்செடியின் வேரில் நூற்புழுவைக் கொல்லும் பொருள் ஒன்றை 1958-இல் டச்சுக்காரர் பிரித்தெடுத்தனர். திருவிழா மாலைக்கென்று வளர்க்கும் பூ, அடுத்த பட்டத்துக் கத்திரிக்கும் காவலாக நிற்கிறது. அதையும் எல்லா நூற்புழுவும் அஞ்சும் என்று எண்ணிவிடலாகாது. இங்கும் இனம் அறிந்தே இடவேண்டும்.

இவை எல்லாவற்றினும் முந்தியது நாற்றங்காலைக் காப்பது. புழு தானாக நடந்து செல்லும் தொலைவு ஓர் ஆண்டில் மிகச் சிறிது. அதை ஊர்விட்டு ஊர் சுமப்பவர் நாம். நாற்றின் வேரிலும், மண்வெட்டியில் ஒட்டிய மண்ணிலும், பாய்ச்சும் நீரிலும் அது பயணம் செய்கிறது. விலைக்கு வாங்கிய நாற்றுக்கட்டை நடுமுன் நான்கு நாற்றின் வேரைக் கழுவிப் பார்க்க ஒரு செம்பு நீர் போதும்.

அப்படிச் சுமந்து வந்த செய்தி ஒன்று அண்மையில் கிடைத்தது. 1983-இல் சீனத்து ஹைனான் தீவில் ஒரு மரத்தின் வேரில் கண்டு, அம்மரத்தின் பெயராலேயே 'என்டரோலோபியை' என்று குறித்த இனம், தமிழ்நாட்டுக் கொய்யாவில் காணப்பட்டது. இந்தியாவுக்கு இது புதிது என்று 2016-இல் அறிவித்தனர். கொய்யாக் கன்றோடு ஊர் ஊராகப் பரவும் இவ்வினம் தக்காளி, மிளகாய், கத்திரியையும் விடுவதில்லை. பெருநாட்டுக் காட்டுத் தக்காளி தந்த எதிர்ப்புக் குணமும் இதனிடம் செல்லாது. அவ்வறிவிப்பு வெளியானது, 1926-இல் கிருஷ்ண ஐயரின் குறிப்பை ஏற்ற அதே இதழில். மாகாணத்தின் பெயர் மாறிவிட்டது, நகரத்தின் பெயரும் மாறிவிட்டது. அட்டையில் மட்டும் இன்னும் 'மெட்ராஸ்' என்றே இருக்கிறது.